பகடையைத் திட்டுவதற்கு முன்

மினியேச்சர் வார்கேமில் தோற்றவர் முதலில் திட்டுவது பகடையைத்தான். ஐந்து விழ வேண்டிய நேரத்தில் ஒன்று விழுந்தது, எதிராளிக்கு மட்டும் ஆறாக விழுந்தது, அவ்வளவுதான் என்று எழுந்துவிடுவார். சில ஆட்டங்களில் அது உண்மை. பெரும்பாலான ஆட்டங்களில் தோல்வி அந்தப் பகடை உருளுவதற்கு ஒரு சுற்று முன்பே எடுத்த ஏதோ ஒரு முடிவில் இருக்கும். எடுத்த நேரத்தில் அது பெரிய முடிவாகத் தெரிந்திருக்காது, அதனால் ஆட்டம் முடிந்த பிறகும் யாருக்கும் நினைவு வராது. அந்த முடிவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் புதிதாக ஆட வருபவர்களுக்காக எழுதுகிறேன். உதாரணத்துக்கு வாட்டர்லூ வரை போகத் தேவையில்லை. கடலூரும் புதுச்சேரியும் பதினெட்டாம் நூற்றாண்டில் பார்த்த சண்டைகளே ஒரு அலமாரி நிறைய ஆட்டங்களுக்குப் போதும்.

விளையாட்டைப் பார்த்தே இராதவர்களுக்கு இரண்டு வரி. மேசைமேல் ஒரு நிலப்பரப்பை அமைத்து, சின்னச் சின்னப் போர்வீரர் பொம்மைகளை அதில் நிறுத்தி, டேப்பால் தூரம் அளந்து நகர்த்தி, சுடுவதையும் மோதுவதையும் பகடை உருட்டித் தீர்மானிக்கும் விளையாட்டு இது. கட்டங்கள் கிடையாது. பொம்மைகள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் அல்லது 15 மில்லிமீட்டர் உயரம் இருக்கும், 6 மில்லிமீட்டரில் ஆடுபவர்களும் உண்டு. பொழுதுபோக்காக மட்டும் வளர்ந்த சங்கதியும் இல்லை: 1824-இல் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளின் பயிற்சிக்கு 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற மேசைப் போர் விளையாட்டை ஏற்றுக்கொண்டது. அதிலும் பகடை உண்டு.

வெளிநாட்டிலிருந்து உலோகப் பொம்மைகளை வரவழைத்தால் சுங்க வரியோடு சேர்த்துக் கை சுட்டுவிடும். அதனால் நாங்கள் அட்டையில் அச்சடித்து வெட்டிய சிப்பாய்களை வைத்தே ஆடுகிறோம். மாலையில் கடற்காற்று ஜன்னல் வழியே வந்தால் ஒரு பட்டாளமே சாய்ந்துவிடும் என்பதால் ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு ஒற்றை ரூபாய் நாணயம் ஒட்டியிருக்கிறது. எங்கள் பிரெஞ்சுப் படையின் மதிப்பை ரூபாயில் எண்ணியே சொல்லிவிடலாம். மலைக்குத் தெர்மாகோல், மண் அரணுக்கு மரத்தூளும் பசையும்.

இனி விதிகள். கடையில் விற்கும் விதிப்புத்தகங்கள் நூறு பக்கம் போகும். இங்கே நாங்கள் வீட்டில் வைத்திருக்கும் எளிய விதிகளையே எடுத்துக்கொள்கிறேன். காலாட்படைப் பிரிவு ஒன்று ஒரு சுற்றில் 6 இன்ச் நடக்கும். திரும்பி நின்று பின்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் அதில் பாதி, அதாவது 3 இன்ச், செலவாகிவிடும். ஒவ்வொரு பிரிவுக்கும் 6 உயிர்ப்புள்ளி. சுடும்போது 6 பகடை உருட்ட வேண்டும். எதிரி திறந்த வெளியில் நின்றால் 4, 5, 6 விழுந்த பகடைகள் எல்லாம் அடி. எதிரி மண் அரணுக்குப் பின்னால் இருந்தால் 5, 6 மட்டும் அடி. எதிரியின் பக்கவாட்டில் நின்று திறந்த வெளியில் சுட்டால் 6 பகடைக்குப் பதில் 12. ஒரே சுற்றில் மூன்றோ அதற்கு மேலோ அடி வாங்கிய பிரிவு மன உறுதிச் சோதனை உருட்ட வேண்டும்: இரண்டு பகடையின் கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் வந்தால் நிற்கும், வராவிட்டால் ஓடிவிடும்.

இந்த விதிகளில் ஒரே பிரிவை மூன்று இடங்களில் நிறுத்திப் பாருங்கள். மண் அரணுக்குப் பின்னால் நிற்கும்போது எதிரியின் ஒரு பிரிவு சுட்டால் சராசரியாக 2 அடி விழும். அரணைவிட்டு வெளியே வந்தால் 3. வெளியே வந்து பக்கவாட்டையும் காட்டிவிட்டால் 6, அதாவது மொத்த உயிரும்.

சராசரியைவிட இன்னொரு கணக்கு முக்கியம். மூன்றோ அதற்கு மேலோ அடி விழுந்து மன உறுதிச் சோதனைக்குப் போக வேண்டிய வாய்ப்பு என்ன? அரணுக்குள் 32 சதவீதம். வெளியே 66. பக்கவாட்டில் 98. சோதனையில் தோற்கும் வாய்ப்பு எப்போதும் 42 சதவீதம்தான், அது எங்கே நின்றாலும் மாறாது. இரண்டையும் பெருக்கினால், ஒரு சுற்றில் அந்தப் பிரிவு மனம் உடைந்து ஓடும் வாய்ப்பு அரணுக்குள் சுமார் 13, வெளியே 27, பக்கவாட்டில் 41 சதவீதம்.

மூன்று இடத்திலும் உருள்வது அதே பகடை. எத்தனை பகடை உருளும், எந்த எண்ணுக்கு மேல் அடி என்ற இரண்டையும் நிர்ணயிப்பது நீங்கள் நின்ற இடம். அந்த இடத்தில் நிற்பதென்று முடிவு செய்தது நீங்கள். தோற்றவர் கண்ணுக்குக் கடைசியாக உருண்ட சோதனை மட்டும் தெரியும். அதற்கு முன்னால் 32 சதவீதமாக இருந்ததைத் தானே 98 ஆக்கிக்கொண்டது தெரியாது.

இதை ஒரு முழு ஆட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மச்சான் வீட்டில் ஆடியது, '1783 கடலூர்' என்று நாங்களே அமைத்த ஆட்டம். ஆறடிக்கு நாலடி பலகை. தெற்கிலிருந்து பார்த்தால் இடது ஓரம் கேப்பர் மலை, வலது ஓரம் கடல். நடுவில் மலையிலிருந்து கடலை நோக்கி நீளும் பிரெஞ்சு மண் அரண் வரிசை, அதன் மையத்தில் சற்று முன்தள்ளி ஒரு மண்கோட்டை. தெற்கு ஓரத்திலிருந்து பிரிட்டிஷ் படை வரும். ஆட்ட முடிவில் மண்கோட்டை யார் கையில் இருக்கிறதோ அவருக்கு 3 புள்ளி. அழித்த ஒவ்வொரு எதிரிப் பிரிவுக்கும் 2 புள்ளி. மச்சான் பிரெஞ்சு, நான் பிரிட்டிஷ்.

நாலாவது சுற்றில் என் கிரனேடியர் பிரிவுகள் (பொறுக்கியெடுத்த காலாட்படை வீரர்கள்) இரண்டும் மண்கோட்டையைத் தாக்கின. மச்சானின் பிரிவு அரணுக்குப் பின்னால் இருந்து நன்றாகவே அடித்தது. ஒரு கிரனேடியர் பிரிவு மன உறுதிச் சோதனையில் தோற்று 4 இன்ச் பின்னால் ஓடியது. இன்னொன்று தடுமாறி நின்றது. இங்கே விதிப்படி, தடுத்து வென்ற பிரிவுக்கு ஒரு தேர்வு உண்டு. இருந்த இடத்திலேயே இருக்கலாம். அல்லது துரத்தலாம்: ஒரு பகடை உருட்டி விழுந்த எண் அளவு இன்ச் முன்னால் போக வேண்டும், ஓடுபவர்களை எட்டிப் பிடித்தால் அந்தப் பிரிவு முழுதாக அழிந்துவிடும்.

மச்சான் துரத்தினார். ஐந்து விழுந்தது. என் கிரனேடியர்கள் அழிந்தார்கள், அவருக்கு 2 புள்ளி. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். மேசையில் அன்றைக்கு நடந்த மிக அழகான விஷயம் அதுதான், மறுக்கவில்லை.

ஆனால் அவருடைய பிரிவு இப்போது மண்கோட்டையைவிட்டு 5 இன்ச் வெளியே நிற்கிறது. திரும்பிப் போக வேண்டுமென்றால் திரும்பி நிற்கவே 3 இன்ச் செலவு, மிச்சம் 3 இன்ச் நடை. ஆக, உள்ளே போய்ச் சேர இரண்டு சுற்று. என்னுடைய இரண்டு பிரிவுகள் ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு குண்டுகூடச் சுடாமல் இடதுபுறம் பனந்தோப்புக்குள் ரிசர்வாக நின்றுகொண்டிருந்தன. தோப்பின் விளிம்பிலிருந்து மண்கோட்டைக்கு ஒரே சுற்று நடை. அவருக்கு இரண்டு, எனக்கு ஒன்று. அந்த நொடியிலேயே கணக்கு முடிந்துவிட்டது, பகடை இன்னும் கையில்கூட எடுக்கவில்லை.

அவர் தன் சுற்றில் பாதி தூரம் திரும்பியிருக்கலாம், அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே நிற்பார். அப்படியே நின்றார், அப்போதும் வெளியேதான். என் சுற்றில் ஒரு ரிசர்வ் பிரிவு அவருடைய பக்கவாட்டில் போய் நின்று 12 பகடை உருட்டியது. இன்னொன்று ஆளில்லாத மண்கோட்டைக்குள் நடந்து போய் உட்கார்ந்தது. சுட்டதில் ஐந்து அடி, சோதனையில் மச்சானுக்கு விழுந்தது ஆறு. ஓடிவிட்டார்கள். மண்கோட்டை என் கையில் வந்ததும் அதன் இருபுறமும் இருந்த அவருடைய பிரிவுகளுக்கு அரண் இருந்தும் பயனில்லாமல் போனது, ஏனென்றால் நான் இப்போது அரண் வரிசையின் நீளத்துக்கே சுட முடியும். இரண்டு சுற்றில் வரிசை முழுவதும் பின்வாங்கியது.

"அந்த ஒரு டெஸ்ட்ல ஏழு விழுந்திருந்தா கதையே வேற மச்சான்" என்றார் அவர் என்னிடம். ஆறு விழுந்தது, ஏழு வேண்டும், ஒரே ஒரு புள்ளி. கேட்கவும் நியாயமாகத்தான் இருந்தது.

சரி, ஏழே விழுந்ததாக வைத்துக்கொள்வோம். அவருடைய பிரிவு ஓடவில்லை. ஒரே ஒரு உயிர்ப்புள்ளியோடு திறந்த வெளியில் நிற்கிறது, பின்னால் அதன் கோட்டையில் என் ஆட்கள் இருக்கிறார்கள், பக்கவாட்டில் என் துப்பாக்கிகள். பன்னிரண்டே விழுந்திருந்தாலும் அடுத்த சுற்றில் அதே முடிவுதான். இப்போது பகடையை விட்டுவிட்டு முடிவை மாற்றிப் பாருங்கள். மச்சான் துரத்தாமல் உள்ளேயே நின்றிருந்தால்? ஓடிய கிரனேடியர்கள் தப்பியிருப்பார்கள், அவருக்கு 2 புள்ளி கிடைத்திருக்காது. ஆனால் என் ரிசர்வ் மறுபடியும் அரணுக்கு எதிரே, 5-க்கும் 6-க்கும் மட்டும் அடி விழும் இடத்தில், முதலிலிருந்து தொடங்க வேண்டும். மோசமாகப் பகடை விழுந்தாலும் அவர் தாங்கியிருப்பார்.

ஆட்டத்தைத் திருப்பிய முடிவு எது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த சோதனை இதுதான். பகடையை மாற்றிப் பார்க்க வேண்டும், முடிவை மாற்றிப் பார்க்க வேண்டும். பகடை மாறினாலும் விளைவு மாறவில்லை, முடிவு மாறினால் விளைவு மாறுகிறது என்றால், திருப்பம் அங்கேதான். பகடை மாறினால் விளைவும் மாறுகிறது என்றால் திட்டிக்கொள்ளலாம், தப்பில்லை.

கபடி பார்த்தவர்களுக்கு மச்சான் செய்தது புதிதாக இருக்காது. ஒருவரைத் தொட்ட மகிழ்ச்சியில் இன்னும் ஓரடி உள்ளே போய், நடுக்கோடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மறந்துவிடும் ரெய்டர்தான்.

இதில் ஒரு தவறான பாடத்தை எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு இருக்கிறது. துரத்தவே கூடாது, அரணைவிட்டு நகரவே கூடாது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி ஆடுபவர்களோடு ஆடினால் தூக்கம் வரும், தோற்கவும் செய்வார்கள். என் ரிசர்வ் பிரிவுகள் முன்பே செலவாகியிருந்தால் மச்சான் துரத்தியது அருமையான முடிவு: 2 புள்ளி கையில், திரும்பி வர இரண்டு சுற்று அவகாசம், கேட்க ஆளில்லை. அதே நகர்வு, அதே பகடை. அதைச் சரியாகவோ தவறாகவோ ஆக்கியது மேசையின் இன்னொரு மூலையில் சும்மா நின்ற இரண்டு பிரிவுகள். அதனால் எதையாவது முன்னால் அனுப்புவதற்கு முன், எதிராளியின் படைகளில் இதுவரை எதுவுமே செய்யாதது எது என்று ஒரு முறை பார்ப்பது நல்லது. சண்டை நடக்கும் இடத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அங்கே பார்ப்பதற்குப் புதிதாக எதுவும் இருக்காது.

இனி நிஜத்தில் நடந்தது. 1782 ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்திருந்தது, மைசூர் அவர்களுடைய கூட்டாளி. அடுத்த ஆண்டு ஜூனில் பிரிட்டிஷ் ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் சென்னையிலிருந்து படையோடு வந்தார். உள்ளே இருந்தவர் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. அறுபதைத் தாண்டியவர், கீல்வாதத்தால் அவதிப்பட்டவர். ஸ்டூவர்ட் வடக்கிலிருந்து நேராக முட்டாமல் பெண்ணையாற்றைக் கடந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு தெற்கே போய், கடலுக்கும் கேப்பர் மலைக்கும் இடையில் முகாமிட்டார். புஸ்ஸி அந்தச் சுற்று நடையைத் தடுக்கவில்லை. தெற்கு நோக்கிப் புதிதாக மண் அரண்களை எழுப்ப வேண்டி வந்தது. ஜூன் 13-ஆம் தேதி விடியுமுன் மலைப்பக்கத்திலிருந்து தாக்குதல் தொடங்கியது. பிறகு மையத்தின் மீது கிரனேடியர்கள் போனார்கள், விரட்டப்பட்டார்கள். விரட்டிய பிரெஞ்சு வீரர்கள் அரணைவிட்டு வெளியே துரத்திக்கொண்டு வர, அவர்கள் விட்டுவந்த இடத்துக்குள் வேறொரு பிரிட்டிஷ் பிரிவு புகுந்துவிட்டது. மச்சான் இதைப் படித்துவிட்டு ஆடவில்லை, நான் படித்திருந்தேன். ரிசர்வைத் தோப்பில் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்றைய நாள் பிரிட்டிஷ் தரப்புக்கு வெற்றி என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆயிரம் பேர் அளவில் கொல்லப்பட்டோ காயப்பட்டோ போனார்கள், பிடித்ததையெல்லாம் தக்கவைக்கவும் முடியவில்லை. ஆனால் அன்றிரவே பிரெஞ்சுப் படை வெளி அரண்களைக் கைவிட்டு ஊர்க்கோட்டைக்குள் போய்விட்டது. என்னைக் கேட்டால் துரத்தியதைவிடப் பெரிய முடிவு அந்தச் சுற்று நடையைத் தடுக்காமல் விட்டது. அதில் ஒரு குண்டும் வெடிக்கவில்லை, ஆனால் சண்டை எங்கே நடக்கும், எந்தத் திசையைப் பார்த்து நடக்கும் என்பது அன்றே முடிவாகிவிட்டது. மேசையிலும் இப்படித்தான். முதல் சுற்றில் படைகளை எங்கே அடுக்குகிறோம் என்பதிலேயே நிறையப் போய்விடும், புதிதாக ஆடுபவர்கள் அதை அவசரமாக முடித்துவிட்டுச் சுடப் போய்விடுவார்கள்.

இடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். நேரமும் மேசையில் ஒரு பொருள்தான். பெரும்பாலான ஆட்டங்களுக்குச் சுற்று வரம்பு உண்டு: எட்டுச் சுற்றுக்குள் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் தோல்வி. இதற்கு அரியாங்குப்பத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இன்றைக்குப் புதுச்சேரியிலிருந்து கடலூர் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் ஊர்.

1748 ஆகஸ்ட்டில் பிரிட்டிஷ் அட்மிரல் பாஸ்கவன் பெரிய படையோடு தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையிலிருந்து புதுச்சேரியைப் பிடிக்கக் கிளம்பினார். உள்ளே பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே. வழியில் அரியாங்குப்பத்தில் பிரெஞ்சுக்காரர்களின் சிறிய கோட்டை ஒன்று இருந்தது. பாஸ்கவன் அதை முதலில் பிடித்துவிட்டுப் போவது என்று முடிவு செய்தார். சரியாக வேவு பார்க்காமல் போட்ட முதல் தாக்குதல் தோற்றது. பிறகு முறைப்படி முற்றுகை, அதில் பிரிட்டிஷ் மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் பிரெஞ்சுக்காரர்களிடம் கைதியாகவே மாட்டிக்கொண்டார். கோட்டைக்குள் வெடிமருந்து வெடித்து, பிரெஞ்சுக்காரர்கள் தாங்களாகவே அதை விட்டுவிட்டுப் போனபோது வாரக்கணக்கில் நாட்கள் போயிருந்தன. அதற்குப் பிறகும் பாஸ்கவன் அந்தக் கோட்டையைச் சரிசெய்ய இன்னும் சில நாட்களைச் செலவழித்தார். புதுச்சேரியின் சதுப்பான வடமேற்குப் பக்கத்தில், மதிலிலிருந்து வெகு தொலைவில், பதுங்குகுழி தோண்டத் தொடங்கியபோது வடகிழக்குப் பருவமழை வாசலில் நின்றது. இந்தக் கரையில் ஐப்பசி எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய வீரர்களையும் மாலுமிகளையும் இழந்துவிட்டு.

அரியாங்குப்பத்தில் அவர் கடைசியில் வென்றார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மேசையில் யாராவது அதை ஆடினால் அந்தச் சுற்றுகளில் புள்ளிக் கணக்கில் முன்னணியிலேயே இருப்பார்கள். சிறிய இலக்கு கண்ணெதிரே இருக்கும், பிடிக்கக்கூடியதாகவும் இருக்கும், அதனால்தான் ஆபத்து. நான் வழக்கமாகச் செய்வது, ஆட்டம் தொடங்கும் முன்பே கடைசிச் சுற்றிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. எட்டாவது சுற்றில் மதில்மேல் நிற்க வேண்டுமென்றால் ஆறாவதில் எங்கே இருக்க வேண்டும், நாலாவதில் எங்கே? இரண்டாவது சுற்றில் ஒரு சிறு கோட்டைக்கு முன்னால் நின்று பகடை உருட்ட அவகாசம் இருக்கிறதா இல்லையா என்பது அப்போதே தெரிந்துவிடும். ஒரு சின்னக் காவல் பிரிவை அதன் எதிரே நிறுத்திவிட்டு மற்றவர்கள் கடந்து போவது பல நேரம் போதும். பாஸ்கவனுக்கு அது முடிந்திருக்குமா என்று எங்களுக்குள் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. கோட்டையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போனால் உணவும் வெடிமருந்தும் வரும் வழி என்ன ஆகும் என்று மச்சான் கேட்பார், அதுவும் நல்ல கேள்விதான்.

அதிர்ஷ்டம் என்பதே கிடையாதா? உண்டு. 1760 ஜனவரி 22, வந்தவாசி. அயர் கூட் தலைமையில் பிரிட்டிஷ் படை, லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை. பிரெஞ்சு இடதுபக்கத்தில் ஒரு வெடிமருந்து வண்டியைக் குண்டு தாக்கி, அது வெடித்து, சுற்றியிருந்தவர்கள் எண்பது பேர்வரை செத்தோ செயலிழந்தோ விழுந்தார்கள். இதைவிடச் சுத்தமான பகடை கிடைக்காது. யாரும் திட்டமிட்டு அதைச் செய்யவில்லை. ஆனால் புகை அடங்குவதற்குள் அந்த இடத்தைப் பிடிக்கும்படி டிரேப்பரின் ரெஜிமென்ட்டை கூட் அனுப்பியது பகடை இல்லை. அனுப்புவதற்குக் கையில் ஒரு ரெஜிமென்ட் இருந்தது. மறுபக்கத்தில் நிலைமையைச் சரிசெய்யப் படையோடு முன்னால் போனவர் புஸ்ஸி, 23 ஆண்டுகள் கழித்துக் கடலூரில் இருந்த அதே புஸ்ஸி. அவருடைய குதிரை சுடப்பட்டு விழுந்தது, அவர் கைதியானார். அடுத்த ஜனவரியில் புதுச்சேரியே சரணடைந்தது. என் சோதனையை இங்கே போட்டுப் பார்த்தால் விடை தெளிவாக வருவதில்லை. வண்டி வெடிக்காமல் இருந்திருந்தால் அன்றைய முடிவு மாறியிருக்கலாம், டிரேப்பரின் ரெஜிமென்ட் போகாமல் இருந்திருந்தாலும் மாறியிருக்கலாம். சில ஆட்டங்கள் அப்படித்தான், அவற்றை ஒரே முடிவில் கட்டிப்போடப் பார்ப்பது வீண்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த முடிவு மேசையிலோ நிலத்திலோ எடுத்தது இல்லை, கடலில் எடுத்தது. மறுபடியும் 1783 ஜூன், கடலூர். புஸ்ஸி கோட்டைக்குள் அடைபட்டிருக்கிறார். ஸ்டூவர்ட்டின் முற்றுகைக்கு வேண்டியதெல்லாம் கடல் வழியாக வருகிறது, அதைக் காத்து நிற்பது அட்மிரல் ஹியூஸின் 18 போர்க்கப்பல்கள். பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரான் 15 கப்பல்களோடு வந்து சேர்ந்தார். கப்பல் குறைவு, ஓட்டவும் சுடவும் ஆள் அதைவிடக் குறைவு. அவர் செய்தது: புஸ்ஸியிடமிருந்து சுமார் 1,200 வீரர்களைக் கடனாக வாங்கிக் கப்பல்களில் ஏற்றிக்கொண்டார்.

முற்றுகையில் இருக்கும் கோட்டையிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் பேரை எடுப்பது பார்க்கப் பைத்தியக்காரத்தனம். ஸ்டூவர்ட் அந்த இடைவெளியில் முழு மூச்சாகத் தாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தாக்கவில்லை. ஜூன் 20-ஆம் தேதி கடல்சண்டை நடந்தது. இருதரப்பிலும் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை, பிடிபடவும் இல்லை. அடி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சமன் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் ஹியூஸின் மாலுமிகள் ஏற்கெனவே ஸ்கர்வி நோயில் வாடிக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் தட்டுப்பாடு, இப்போது சேதமும் சேர்ந்தது. அவர் சென்னைக்குத் திரும்பினார். கடல் சுஃப்ரானுடையது. வாங்கிய ஆட்களைத் திருப்பிக் கொடுத்ததோடு தன் கப்பல் ஆட்களையும் சேர்த்துக் கரையில் இறக்கினார். முற்றுகை போட்டவர்களே முற்றுகையில் மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. ஜூன் 25-இல் புஸ்ஸி வெளியே வந்து தாக்கித் தோற்றது வேறு விஷயம். மாதக் கடைசியில் ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்து சண்டையே நின்றுவிட்டது.

எங்கள் கடலூர் ஆட்டத்தில் இப்போது இதையும் சேர்த்திருக்கிறோம். ஆட விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நில ஆட்டத்துக்கு முன்னால் பிரெஞ்சுத் தரப்பு ஒரு துண்டுச் சீட்டில், எத்தனை பிரிவுகளைக் கப்பலுக்குக் கடன் கொடுக்கிறோம் என்று எழுதி மடித்துவைக்க வேண்டும். கொடுத்த பிரிவுகள் முதல் மூன்று சுற்றுக்கு மேசையில் இருக்காது. நாலாவது சுற்றில் கடல்சண்டைக்காக இரண்டு தரப்பும் ஆளுக்கொரு பகடை உருட்டும், கடன் கொடுத்த ஒவ்வொரு பிரிவுக்கும் பிரெஞ்சுப் பகடையில் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். பிரெஞ்சு ஜெயித்தால் கொடுத்ததும் திரும்பி வரும், பிரிட்டிஷ் பீரங்கிகளும் அதற்குப் பிறகு ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் சுடும். தோற்றால் கொடுத்தது போனதுதான். பிரிட்டிஷ் ஆட்டக்காரருக்கு எதிரே அரண் மெலிந்திருப்பது கண்ணில் தெரியும், எத்தனை பேர் குறைவு என்பது மட்டும் தெரியாது. முதல் மூன்று சுற்றுக்குள் மோதிப் பார்ப்பதா, தன் கப்பல்களை நம்பிக் காத்திருப்பதா என்று அவரும் முடிவு எடுத்தாக வேண்டும். மச்சான் இந்த விதியில் எப்போதும் மூன்று பிரிவு கொடுக்கிறார், எனக்கு அது அதிகம் என்று படுகிறது. ஒன்று கொடுத்தும் ஆடிப் பாருங்கள்.